விட்டுப்போன ஒரு 'ம்'

உயிரே போனாலும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று சபதம் செய்தேன். போகவிருந்தது என் உயிர் இல்லை, என் மனைவியின் உயிர். அதனால் சபதம் செய்வது சுலபமாக இருந்தது.

மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. எட்டு மணி நேர ரயில் பயணம். அப்பா சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் விடுதியில் சேர்ப்பார்கள். மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்து ஒரு வருடமாகிறது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நான்கு மணி நேரமும் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். குழாயைப் பார்த்தாலும் சுற்றும்.

"மாட்டுக்கு வைத்தியம் பார்க்க எட்டு மணி நேரம் ரயில்ல போகணுமா?" என்றேன்.

"வீட்டுலயே ஒண்ணை மேய்ச்சு அவளுக்குப் பழக்கம்தான். இருந்தாலும் முறையாப் படிக்கட்டும்" என்றாள் மனைவி.

"நீ படுத்திருக்கற நிலைமையில..."

"நான்தானே படுத்திருக்கேன்? நீங்க ஏன் எந்திரிக்க மாட்டேங்கறீங்க?"

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, ஒரு 'ம்' சொல்லுங்கப்பா. போதும்."

"என்கிட்டேருந்து 'ம்' வராது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்லூரிப் படிவத்தை அன்றே நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குக் கொண்டுபோய் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று அதிலேயே போட்டிருந்ததாம். நான் எங்கே படித்தேன்?

என் தொழில் அப்படி. இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறேன். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்பதால் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி வாசிப்பேன். திருத்திய இடத்திலெல்லாம் சின்னக் கையெழுத்து, அடியில் முழுக் கையெழுத்து, தேதி. எத்தனையோ நாவல்களை இப்படி ஒன்றும் புரியாமல் படித்து முடித்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவி தாய்வீட்டிலிருந்து எழுதிய காதல் கடிதத்தில் பதினான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பியவன் நான்.

வியாழக்கிழமை காலை மனைவி ஒரு தாளை நீட்டினாள்.

"எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதினதாம். ஒரு தடவை பாத்துடுங்க. தப்பே இருக்காதுன்னு சொன்னாங்க."

தப்பே இருக்காதா? பேனாவை உருவினேன். கீழிருந்து தொடங்கினேன். 'தந்தை' சரி. 'மாணவியின்' சரி. மேலே போனேன். 'சமதிக்கிறேன்' என்று இருந்தது. ஒரு 'ம்' குறைகிறது! கொட்டையாகச் சேர்த்தேன். 'முழுமணதுடன்'. அட, மனதுக்கு எதற்கு மூன்று சுழி? ஒன்றைக் குறைத்தேன். நடுவில் ஏதோ ஒரு பெயர். அதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, போட்டேன். மொத்தம் பதினோரு பிழை. "டீச்சர் எழுதற லட்சணமா இது?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மகளின் பெட்டி.

"யாரு சம்மதம் கொடுத்தது?" என்று கத்தினேன்.

"நீங்கதான். வாயால 'ம்' வராதுன்னீங்க. கையால எழுதிட்டீங்க" என்றாள் மனைவி.

"அடிச்சுத் திருத்தின காகிதத்தை எப்படி வாங்கினாங்க?"

"போன்ல படம் எடுத்து அனுப்பினோம். திருத்தின இடத்துலல்லாம் உங்க கையெழுத்து இருக்கே! இவ்வளவு அக்கறையான அப்பாவைப் பாத்ததே இல்லைன்னாங்களாம்."

நடுவில் வந்த அந்தப் பெயர் என் மகளுடையது. நானே வைத்த பெயர்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல யாரு உக்காருவா?"

"நீங்க."

"எனக்குத் தலை சுத்தும்."

"பக்கத்துலயே கட்டில் இருக்கு. விழுந்தாப் படுக்க வெச்சிடுவாங்க."

அதற்கு மேல் எனக்கு வீம்பு வரவில்லை. பயம்தான் வந்தது. "அவ இல்லாம இந்த வீட்டுல நான் எப்படிடி இருப்பேன்?" என்றேன்.

மகளின் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அதுக்குத்தான் முதல்ல அவளை அனுப்பறேன். ஒவ்வொருத்தராப் போனாத்தானே உங்களுக்குப் பழகும்?"