மெல்போர்னில் ஒரு கொட்டாவி

உயிரே போனாலும் பல் போகக் கூடாது என்று அன்று சாயங்காலம் சபதம் எடுத்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்கிற பல்லில்தான் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. புயலில் படகு ஓட்டுகிறவன் நான். ஆனால் பல் டாக்டர் என்றால் கை கால் உதறும். அந்தக் குறடு! அந்த ஊசி! சாய்கிற அந்த நாற்காலி!

"கிளம்புங்க, துறைமுகத்துல இருக்கிற பல் டாக்டர்கிட்டப் போவோம். கிட்சோஸுக்குச் சேணம் போட்டாச்சு" என்றாள் என் மனைவி ஆர்கிரோ.

கிட்சோஸ் எங்கள் கழுதை. எங்கள் தீவில் ஆளுக்கும் அந்தப் பேர் வைப்பார்கள், கழுதைக்கும் வைப்பார்கள்.

"ஆர்கிரோ, இது பல்லே இல்ல. கண்ணு!"

"கன்னம்ல வீங்கியிருக்கு?"

"கண்ணு பட்டிருக்குடி! வெள்ளைச் சட்டையில என்னைப் படம் புடிச்சு ஃபேஸ்புக்ல போட்டியே, கண்ணு படாம இருக்க ஒருத்தராவது 'த்தூ த்தூ'ன்னு எழுதினாங்களா?"

"அந்தச் சட்டைக்கா? அதைப் பாத்து எவன் பொறாமைப்படுவான்?"

கண் பட்டிருந்தால், மந்திரம் ஓதுகிறவளுக்குக் கொட்டாவி வரும். வராவிட்டால் அது வேறு நோய். எங்கள் ஊர்ச் சட்டம் அதுதான். ஓதத் தெரிந்த பெண்கள் பிழைப்புக்காக மெல்போர்ன், டொராண்டோ, ஸ்டுட்கார்ட் என்று போய்விட்டார்கள். ஆனால் எல்லோரும் ஃபேஸ்புக்கில் தீவுக்காரர்கள் குழுவில் இருக்கிறார்கள். பேரைச் சொன்னால் போதும், அங்கிருந்தே ஓதுவார்கள்.

"மெல்போர்ன் கல்லிரோயி அக்காகிட்டயே கேளு. கைராசிக்காரி!"

இங்கே சாயங்காலம் என்றால் மெல்போர்னில் நடுராத்திரி. கொட்டாவி வராமல் எங்கே போகும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆர்கிரோ என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். பிறகு ஃபோனில் தட்டினாள்.

"பேரைப் போட்டியா? பேர் இல்லாம பலிக்காது."

"போட்டேன், போட்டேன்."

ஃபோன் பேசாமல் கிடந்தது. அக்கா தூங்கிவிட்டால்? கொட்டாவியே வரவில்லை என்று எழுதிவிட்டால்? குறடு கண்ணெதிரே திறந்து திறந்து மூடியது. திருஷ்டிக்காகக் கழுத்தில் கட்டியிருந்த நீலக்கண் மணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

டிங்!

ஆர்கிரோ படித்தாள்: "'அய்யோ பாவம் பிள்ளை! வாய் கிழியிற மாதிரி கொட்டாவி வருது. பொல்லாத கண்ணு!'"

ஐம்பது வயசில் என்னைப் பிள்ளை என்கிறாளே, என்ன பாசம்!

டிங், டிங்! டொராண்டோ ஃப்ளோராவுக்கு வேலை நேரத்திலேயே கொட்டாவி. ஸ்டுட்கார்ட்டில் கண்ணீரே வந்துவிட்டதாம். நடுவில், "கல்லிரோயி, நீயா? உயிரோடதான் இருக்கியா? எத்தனை வருஷம் ஆச்சு!" என்று ஒருத்தியை ஒருத்தி விசாரிப்பது வேறு. திக்குக்கு ஒருவராகச் சிதறிப்போன ஊர், என் ஒருவனுக்காகக் கூடிவிட்டதே!

"பாத்தியா? வலி பறந்துபோச்சு!" என்று குதித்தேன். பல் உள்ளே சம்மட்டியால் அடித்தது.

"நிஜமாவா?"

"சத்தியமா! கல்லைக் குடு, கடிக்கிறேன்."

"கல்லு வேணாம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைப் படிங்க." ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

'எங்கள் கிட்சோஸுக்கு உடம்பு சரியில்லை. கண் பட்டிருக்கும் போல. ஓதுங்கள்.'

என் திட்டம் பல்லிளித்தது.

"அடிப்பாவி!"

"முகம் வீங்கிக் கிடக்கிறதைப் பாத்து எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா? ஃப்ளோராவோட மருமகதான் துறைமுகத்துப் பல் டாக்டராம். தனியா எழுதிக் கேட்டேன், உடனே வரச் சொல்லிட்டா. பயந்த ஆளுன்னும் சொல்லிவச்சிருக்கேன். ஏறுங்க!"

ஏறினேன். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். கிட்சோஸ் வழியில் நின்று அடம்பிடிக்காமல் ஒருநாளும் துறைமுகம் போனதில்லை.

அன்றைக்குப் பார்த்து எங்குமே நிற்கவில்லை. மூன்று கண்டத்துப் பெண்கள் திருஷ்டி கழித்த கழுதையாயிற்றே!