தோளைக் கீழே போடுங்க

“தோள். தோளைக் கீழே போடுங்க.”

சொன்னது டீச்சர் இல்லை. டீச்சர் அந்தக் கோடியில் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். கையில் இல்லாத ஒரு பந்தை அணைத்தபடி நின்றிருந்த பல் வைத்தியர் தோளைக் கீழே போட்டார்.

“ரொம்பப் போட்டுட்டீங்க” என்றது அதே குரல்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். திருத்துநர். எங்கே எதைக் கற்றுக்கொடுத்தாலும் அங்கே ஒருவர் இருப்பார். நீச்சல் குளத்தில் நனையாமல் கரையில் நிற்பார். கார் பழகுகிறவரின் பின்சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது தாய் சி என்கிற சீன உடற்பயிற்சி வகுப்பில்தான். மற்ற வித்தைகளில் நாம் தவறைச் செய்து முடித்துவிடுகிறோம், பக்கத்தில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் அடுத்த தவறுக்குப் போய்விடுகிறோம். தாய் சியில் ஒரு கையைத் தூக்கி இறக்க மூன்று மூச்சு ஆகிறது. அதற்குள் தவறைக் கண்டுபிடித்து, திருத்தத்தை யோசித்து, தொண்டையைச் செருமி, சொல்லி, நமக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் சொல்லலாம். இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

எங்களுக்கு வாய்த்தவர் எடை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது தொழில். முன்காலில் எழுபது பங்கு எடை, பின்காலில் முப்பது என்று டீச்சர் முதல் நாள் சொன்னபோது, பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரமே நம் காலைப் பார்த்து “அறுபத்தி நாலு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். முத்திரை குத்தாததுதான் பாக்கி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தோள்காரர்.

டீச்சர் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். டீச்சர் நாற்பத்தொரு வருடமாக இந்த வித்தையில் இருப்பவர். அவர் திருத்துவது ஒரே விரலால். பின்னால் வந்து இடுப்பில் ஒரு இடத்தில் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். தொட்ட இடம் ஒரு வாரம் நினைவிருக்கும். பேச்சு அபூர்வம். “இன்னும் மெதுவா” என்று சொன்னால் அன்றைக்கு நீண்ட சொற்பொழிவு நடந்ததாகப் பொருள். இந்த மௌனத்தைத் தோள்காரர் ஒரு காலியிடம் என்று எடுத்துக்கொண்டார்.

“டீச்சர் சொல்ல மாட்டாங்க, மனசுல வச்சுக்குவாங்க. நான் சொல்லிடறேன்.”

“தப்பா எடுத்துக்காதீங்க, உங்க முழங்கால் எங்கயோ போகுது.”

“நீங்க செய்யறது தப்பில்ல. ஆனா சரியில்ல.”

சேர்ந்ததிலிருந்து எட்டு மாதமும் அவர் நின்றது கூடத்தின் நட்டநடுவில். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, “நடுவுல நின்னாத்தான் எல்லாரையும் கவனிக்க முடியும்” என்றார். அது உண்மை. எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரிந்தது.

வகுப்பு முடிந்தால் வீட்டில் தொடரும். அவர் மனைவி பாத்திரம் தேய்த்தால் பின்னால் வந்து நிற்பார்.

“கையால தேய்க்காதே. இடுப்பால தேய். கை தானா வரும். பாரு, மேகக் கைன்னு ஒரு அசைவு இருக்கு. ஒரு கை மேல, ஒரு கை கீழ, இடுப்பு திரும்புது…”

“ஏங்க, அப்ப நீங்க வந்து இடுப்பால தேய்ங்க.”

“நான் சொல்லித் தர்றேன். செய்யறது நீ.”

எட்டு மாதம் அந்த அம்மாள் இடது கையைத் தட்டிலும் வலது கையைச் சட்டியிலும் வைத்துக்கொண்டு, இடுப்பால் பாத்திரம் தேய்த்தார். வேறு வழி? சிங்க் முன்னால் எத்தனை நேரம் வாதாடுவது?

இப்படி இருக்கும்போது எங்கள் வகுப்புக்குப் பத்தாண்டு நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் கீழ்க்கூடம், நாலு பக்கமும் நாற்காலி, நடுவில் நாங்கள் முப்பத்து மூன்று பேர், நூற்றெட்டு அசைவுகளும் தொடர்ச்சியாக, என்று முடிவாயிற்று. இதில் ஒரு ஏற்பாடு உண்டு. அசைவுகளின் வரிசை ஒரே திசையில் போவதில்லை. நடுவில் எல்லோரும் திரும்புவோம், முன்வரிசை பின்வரிசையாகிவிடும். அதனால் நாலு மூலையிலும் வரிசை மனப்பாடமானவர்கள் நிற்பார்கள். மற்றவர்களுக்கு விதி ஒன்றுதான்: மூலை எதைச் செய்கிறதோ அதைச் செய். என்ன ஆனாலும் நிற்காதே.

பின்பக்க மூலை ஒன்றில் நிற்க வேண்டிய பஸ் டிரைவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது, நாங்கள் முப்பத்திரண்டு பேரானோம். “அங்க யாரு?” என்று டீச்சர் திரும்பியபோது தோள்காரர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கப்போகிறது, அதை நடத்த ஆள் தேவை. மூலை நன்றாக அமைந்தால் சனிக்கிழமை அவருடையது. அனுமதியோடு திருத்தலாம். இந்த இனத்துக்கு அதைவிடப் பெரிய கனவு கிடையாது. ஆபீசில் சொல்லிவிட்டார். மனைவியிடம் சொல்லிவிட்டார். “மாமா, நீங்கதான் மாஸ்டராமே” என்று மச்சினன் கேட்டபோது மறுக்கவில்லை.

“வரிசை முழுக்கத் தெரியுமா?” என்றார் டீச்சர்.

“என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? இங்க எல்லார் தப்பும் எனக்குத் தெரியும்.”

“சரி. மூலை சொல்லிக்கொடுக்கும்” என்றார் டீச்சர்.

ஞாயிறு. கூடம் நிறைந்துவிட்டது. தோள்காரருக்குப் பின்னாலிருந்த நாற்காலிகளில், முதல் வரிசையில், மனைவியும் மச்சினனும். முதல் பத்து நிமிடம் எங்களைப் போல யாரும் இல்லை. கொக்கு இறக்கை விரித்தோம். கடலடியிலிருந்து ஊசி எடுத்தோம். விசிறி விரித்தோம். பிறகு திரும்பினோம்.

திரும்பியதும் பின்வரிசை முன்வரிசை ஆயிற்று. தோள்காரருக்கு எதிரில் முதுகே இல்லை.

நாங்கள் யாரும், அவர் உள்பட, கவனிக்காத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் எதிரில் ஒரு முதுகு இல்லாமல் இருந்ததில்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்வார், திரும்பினால் அங்கே நிற்பவரைப் பார்த்துச் செய்வார், செய்துகொண்டே அவர்களைத் திருத்துவார். யாரைத் திருத்தினாரோ அவர்களைக் காப்பியடித்துத்தான் அவர் இத்தனை நாள் தாய் சி செய்திருக்கிறார்.

ஒரு கை உயர்ந்தபடி நின்றார். முப்பத்தொரு கைகள் உயர்ந்தபடி நின்றன. அவருக்கு இணையாக அடுத்த மூலையில் பல் வைத்தியர். அவருக்கு வரிசை முழுக்கத் தெரியும். ஆனால் எட்டு மாதம் தோள் திருத்தப்பட்ட ஒருவர் தன்னை நம்புவாரா? அவரும் தோள்காரரைத்தான் பார்த்தார். டீச்சர் இப்போது கடைசி வரிசை. விதியைப் போட்டவரே அவர்தான்.

தோள்காரரின் கண்கள் பழக்க தோஷத்தில் ஒரு உடம்பைத் தேடின. எதிரில் கிடைத்தது மச்சினன்.

மச்சினனுக்கு வேர்த்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்தான். தோள்காரர் பிடரியைத் துடைத்தார். முப்பத்தொரு பேர், இடுப்பிலிருந்து ஆரம்பித்து, முழங்கையைத் தாழ்த்தி, மூச்சை மெல்ல விட்டபடி, இல்லாத கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தோம். டீச்சரும் துடைத்தார். நாற்பத்தொரு வருட அனுபவம். துடைத்ததிலேயே அதுதான் அழகு.

மச்சினன் விழித்தான். ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்து, ‘நானா?’ என்பதுபோலப் பார்த்தான்.

முப்பத்திரண்டு விரல்கள் மெதுவாக முப்பத்திரண்டு நெஞ்சுகளை நோக்கிப் போயின.

“அக்கா, என்னைப் பாத்து செய்யறாங்கக்கா” என்று அவன் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. “நான் எந்திரிச்சுப் போகட்டுமா?”

“அசையாதே. நீ போனா எல்லாரும் வந்துருவாங்க” என்றார் அக்கா.

பிறகு அந்த அம்மாள் கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். கணவர் குனியத் தொடங்கினார், நாங்களும். அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். இடது கையில் இல்லாத ஒரு தட்டு, வலது கையில் இல்லாத ஒரு சட்டி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேய்க்க ஆரம்பித்தார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. இடுப்பால்.

தோள்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மேகக் கை! குறைந்தது இருபது அசைவுகளைத் தாண்டிக் குதித்திருந்தோம், யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு? ஒரு கை மேலே, ஒரு கை கீழே, கூடமே பாத்திரம் தேய்த்தது. மேகம் எங்களை இடப்பக்கமாகக் கொண்டுபோயிற்று, பல் வைத்தியருக்குத் தைரியம் வந்து அடுத்த அசைவைத் தொடங்கினார், கரை சேர்ந்தோம்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிடரியைத் துடைக்கும் அசைவின் பெயர் என்ன என்று ஒருவர் வந்து விசாரித்தார். “கொக்கு வேர்வை துடைப்பது” என்றார் பல் வைத்தியர், முகம் மாறாமல். கேட்டவர் குறித்துக்கொண்டார்.

தோள்காரர் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“நின்னுட்டிருந்த நேரம் பூரா உங்க தோள் கீழேயே இருந்துச்சு” என்றார் டீச்சர். “எட்டு மாசத்துல இன்னிக்குத்தான்.”

“சனிக்கிழமை வகுப்பு, டீச்சர்…”

“அதைப் பல் டாக்டர் எடுக்கட்டும். நீங்க வரிசையைக் கத்துக்கணும்ல?” டீச்சர் தோள்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். “நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

“சிங்க் முன்னாடி.”

“நாளைக்கு வாங்க.”

வாசகரே, இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்து போயிருக்கும். படித்து முடித்ததும் அவரிடம் கொடுக்க வேண்டும், ‘உங்களுக்காகச் சொல்லல, சும்மா படிச்சுப் பாருங்க’ என்று சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தோள்காரர் இதைப் படித்தாலும் அதையேதான் நினைப்பார். ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் வரியைப் படித்தபோது உங்கள் தோளைக் கீழே போட்டீர்களா, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பார்த்தீர்களா?

மறுநாள் திங்கட்கிழமை. வகுப்பு ஆறரைக்குத் தொடங்கியது. முப்பத்து மூன்று பேர். மனைவியை டீச்சர் நடு வரிசையில் நிறுத்தினார். தோள்காரர் அவருக்குப் பின்னால் நின்றார். ஒரு முறை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பதினேழாவது அசைவு வரை போனோம். டீச்சர் ஒருவரையும் தொடவில்லை. பஸ் டிரைவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீட்டியிருந்தார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் தோள்காரர் பாத்திரம் தேய்த்தார். மனைவி பின்னால் வந்து நின்று, “இடுப்பு” என்றார்.