கதிர்வீச்சும் ஒரு நீல வாளியும்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் நாளைக்கு எனக்குக் காப்பி கசக்கட்டும். ரெங்கநாதர் மேல் ஆணையிட்டே சொல்லலாம். ஆனால் அவர் படுத்திருக்கிறவர். சாட்சி சொல்ல எழுப்புவது மரியாதையில்லை. ஆகவே மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் மேல் ஆணை. அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் நடந்ததையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, முக்கொம்பு பக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்தது. அணு உலைக்கு எரிபொருள் ஏற்றிவந்த லாரி. பதற வேண்டாம். லாரி கற்பனை. கவிழ்ந்தது கற்பனை. அதிலிருந்து கிளம்பிய கதிர்வீச்சும் கற்பனை. 'அணுப் பேரிடர் தயார்நிலைக்கான மத்திய, மாநில அரசுகளின் ஒருங்கிணைந்த மாபெரும் ஒத்திகை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும் மேடையில் நாற்காலி.

கற்பனை இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டி ரெங்கராஜ் வீட்டுக் கல்யாணம். மகள் கலைமதிக்கு மறுநாள் காலை முகூர்த்தம். மண்டபம் திருவானைக்காவலில். மாப்பிள்ளை ஜெயக்குமாருக்கு மஸ்கட்டில் வேலை; ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறியாக வேண்டும். இந்த முகூர்த்தம் தப்பினால் அடுத்த லீவு எப்போது என்று அவனுடைய அரபு முதலாளிக்கே தெரியாது. "அதுக்குள்ள ஊர்ல உள்ளவங்க மாப்பிள்ளை வீட்டார் காதுல என்னென்னத்தை ஓதுவாங்களோ!" என்று ரெங்கராஜின் மனைவி மயிலம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

வாசலில் கட்டுவதற்குக் குலை தள்ளிய வாழைமரங்களோடு ரெங்கராஜ் மண்டபத்தில் போய் இறங்கினார். 'கலைமதி - ஜெயக்குமார்' என்று பூவில் எழுதிய பலகையை மறைத்துக்கொண்டு ஒரு பேனர் தொங்கியது: 'கதிர்வீச்சு நிவாரண முகாம்'. உள்ளே மணமேடையில் மேசை போட்டு, தாசில்தார் சிவசங்கர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் நீல நிற பிளாஸ்டிக் வாளிகள்.

"சார், இது நான் புக் பண்ணின மண்டபங்க. நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"வாங்க, உட்காருங்க. எந்த ஏரியா?"

"ஸ்ரீரங்கம், மேலூர் ரோடுங்க."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க பாதிக்கப்பட்டவர். இந்தாங்க வாளி, மக், எலுமிச்சஞ்சாதம்."

வாளியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ரெங்கராஜுக்குச் சண்டை போடவே ஞாபகம் வந்தது. ஒத்திகை முடியும்வரை மண்டபத்தில் மேளம் கூடாது, அடுப்பு கூடாது, பாதிக்கப்படாத ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார் தாசில்தார்.

"ஏங்க சார், இப்ப மேற்கேருந்து அடிக்கிறது மேல்காத்து. முக்கொம்புலேருந்து ஸ்ரீரங்கத்துக்கு வர்ற காத்து, அடுத்தாப்ல திருவானைக்காவலுக்குத்தானே வரும்? ஜனங்களையும் அது வர்ற பாதையிலயே கொண்டாந்து இறக்குறீங்களே?"

"காத்து எங்க வேணா போகும். லிஸ்ட்ல இருக்கிற மண்டபம் இதுதான்."

பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஒரு முகத்திலாவது கவலை இருக்க வேண்டுமே! மேலூர் ரோடு ராக்கம்மாள் வாளியை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பி, அடுத்த பஸ்ஸில் மறுபடியும் மீட்கப்பட்டாள். அன்று மட்டும் அவளை அரசாங்கம் மூன்று தடவை காப்பாற்றியது.

"ஒத்திகை எப்பங்க முடியும்?" என்றார் ரெங்கராஜ்.

"கதிர்வீச்சு போனதும் முடிஞ்சிடும்."

"கற்பனைதானே சார்? போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டா போச்சு."

சிவசங்கர் திடுக்கிட்டுப் போனார். "அப்படி ஆளாளுக்கு நினைச்சுட முடியுமா? நினைக்கிற அதிகாரம் யாருக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? மேல போய்க் கேளுங்க."

மேலே என்றால் மொட்டை மாடி. அங்கேதான் மத்திய அரசின் குழு. அதன் தலைவர் சித்தார்த், டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பையன். வைகாசி வெயிலில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளைக் கவச உடை. முகக் கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்வை மழை.

"அங்கிள், ரொம்ப சிம்பிள். காத்துல இருக்கிற வரைக்கும் சென்டர். தரையில செட்டில் ஆயிட்டா ஸ்டேட். எங்க மாடல்படி அது செட்டில் ஆயிடுச்சு. கீழ கேளுங்க."

கீழே வந்தார். "இன்னும் இறங்கலையே! காத்துலதான் சுத்திக்கிட்டிருக்கு. மேல கேளுங்க" என்றார் தாசில்தார்.

ரெங்கராஜ் ஏறினார், இறங்கினார். மலைக்கோட்டைக்கு வேண்டிக்கொண்டவன்கூட அத்தனை படி ஏறியிருக்க மாட்டான். கடைசியில் இரண்டு அதிகாரிகளையும் மாடிப்படியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆளுக்கு ஒரு படி மேலே கீழே நிற்கச் சம்மதித்தார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகங்க. நான் இப்ப மூச்சை உள்ள இழுக்கிறேன். அந்தக் கதிர்வீச்சு யாருது?"

"உள்ள போனா ஹெல்த். ஸ்டேட் சப்ஜெக்ட்" என்றார் சித்தார்த்.

"வெளிய விட்டா?"

"மத்திய அரசு" என்றார் சிவசங்கர், அதைவிட வேகமாக.

"இழுத்துட்டு விடாம வச்சிருந்தா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். "அதுக்குக் கூட்டுக் குழு போடணும்."

மத்தியானம் சம்பந்தியம்மாள் யமுனா போன் செய்தார். "மண்டபத்துக்குள்ள என்னமோ பரவுதாம்ல? எங்க பக்கத்துச் சனம் வரவே பயப்படுது. நாளைக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க சம்பந்தி." ரெங்கராஜ் 'நடக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எப்படி நடக்கும் என்பது அவருக்கே தெரியாது.

மயிலம்மாள் மூக்கைச் சிந்தினாள். "கொசுவுக்குப் புகை போட்டா ஓடுது. கண்ணேறுகூட சாம்பிராணிக்கு ஓடுது. இந்தச் சனியனுக்கு மட்டும் ரெண்டு கவர்மென்ட்டு காவலு!"

ரெங்கராஜ் நிமிர்ந்தார். வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டுப் பழுக்கவைத்த பரம்பரை. புகை என்ற சொல் காதில் விழுந்தால் புத்தி தானாகப் பழுக்கும். நேரே தாசில்தாரிடம் போனார்.

"சார், அது தரையில இறங்கினாத்தானே உங்களுக்குத் தலைவலி? இறங்கினதைப் பூரா மேல ஏத்திவிட்டுட்டா?"

"எப்படி ஏத்துவீங்க?"

"ஓமம் வளர்த்தா புகை எங்க போகும்?"

"மேல."

"மேல போனா யாருது?"

சிவசங்கர் முகத்தில் சூரியோதயம். "அட, மத்திய அரசு!"

அதே வேகத்தில் ரெங்கராஜ் மாடிக்கு ஏறினார். "தம்பி, நாளைக்குக் காலைல கீழேருந்து புகை வரும். மேல்காத்து அதைத் தள்ளிக்கிட்டு எங்க போகும்?"

"ஈஸ்ட். கல்லணை... அப்புறம் தஞ்சாவூர்."

"தஞ்சாவூர் உங்க டீமா?"

"நோ, நோ! அது வேற டீம்."

"அப்புறம் எதுக்குத் தம்பி இந்த வெயில்ல வேகுறீங்க?"

கவச உடையோடு சித்தார்த் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. நடப்பது கல்யாணம் அல்ல. 'புகைவழிக் கதிர்வீச்சு மேலேற்றச் செயல்முறை'. மாப்பிள்ளையும் பெண்ணும் செயல்முறைப் பணியாளர்கள். சொந்தபந்தம் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள். வாசலிலேயே வாளி வாங்கிக்கொண்டுதான் பன்னீர் தெளித்துக்கொள்ள வேண்டும். பயந்துகொண்டிருந்த சம்பந்தி வீட்டுச் சனம், வாளி என்றதும் வேன் வைத்துக்கொண்டு வந்தது. ஐயருக்குப் 'புகை ஆலோசகர்' என்று அட்டை குத்தினார்கள்.

"ஆலோசகருக்குத் தட்சிணை உண்டோன்னோ?" என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐயர் நெய்யை ஒரு கரண்டி கூடுதலாகவே விட்டார். தாசில்தார் அக்கினிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், சாமி, இன்னும் கொஞ்சம்" என்று விசிறினார். தாலி ஏறும்போது கெட்டிமேளத்தோடு சைரனும் சேர்ந்து ஒலித்தது. புகை படியேறி மாடிக்குப் போய், மாடியிலிருந்து கிழக்கே சாய்ந்து, கல்லணைத் திசையில் கரைந்தது. அதுவரை புகையைப் பார்த்துக்கொண்டிருந்த தொலைநோக்கியை இறக்கிவைத்துவிட்டு மத்திய அரசு மாநில அரசுக்குக் கைகொடுத்தது. பிறகு இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு இலையை வழித்தன. போட்டோகிராபர் நிஜாமுதீன் மாப்பிள்ளைக்குக் கவச உடையை மாட்டிவிட்டு நாலு படம் எடுத்தார். அதோடு பிடித்தது சனியன். இப்போது திருச்சியில் அந்த வெள்ளை டிரஸ் இல்லாமல் ஒரு கல்யாண ஆல்பம் கிடையாது. 'கதிர்வீச்சு செட்' என்று சின்னக்கடை வீதியில் வாடகைக்கே தொங்குகிறது. ரிசப்ஷனுக்கு ஜரிகை வைத்தது தனி.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை விமானம் ஏறினான். சுபம் என்று எழுந்துவிடாதீர்கள்.

ஐப்பசியில் அடைமழை. கொள்ளிடம் கரையைத் தொட்டது; மேலூர் ரோட்டில் ரெங்கராஜ் வீட்டு வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து பீரோவின் காலைத் தொட்டது. இந்தத் தண்ணீர் கற்பனை இல்லை. பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார்.

"வீட்டுக்குள்ள வெள்ளங்க. படகு அனுப்புங்க. ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு."

தேன் மாதிரி ஒரு பெண் குரல். "அங்க யாரும் இல்லையே சார்."

"நான் பேசுறேனேம்மா!"

"இல்ல சார். ஸ்ரீரங்கம் முழுக்க வைகாசியிலேயே காலி பண்ணியாச்சு. உங்க பேரு? ரெங்கராஜ்... ஆமா, திருவானைக்காவல் முகாம்ல பத்திரமா இருக்கீங்க. பாயசம்கூடச் சாப்பிட்டிருக்கீங்க."

"நான் அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டேம்மா!"

"வீட்டுக்குப் போகச் சொல்லி ஆர்டரே வரலையே சார். கதிர்வீச்சு கடைசியா எந்த ஊர்ல இருக்கோ, அவங்கதான் போடணும்."

"எந்த ஊர்லம்மா இருக்கு?"

"தஞ்சாவூர்ல நாகப்பட்டினத்துக்குத் தள்ளிட்டாங்க. அவங்க கடலுக்குத் தள்ளிட்டாங்க. இப்ப அது ஃபாரின்ல இருக்கு சார். டெல்லிதான் பேசணும்."

"படகு வர வேற வழியே இல்லையா?"

"இருக்கே! வாங்கின நிவாரணப் பொருளைத் திருப்பிக் குடுத்தா பேரை எடுத்துடலாம். ஆனா தெருவே குடுக்கணும். ஒரு வாளி பாக்கின்னாலும் தெரு காலிதான்."

ரெங்கராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் அந்த நீல வாளியைத் திருப்பிக் குடுங்க! படகு வரும்!"

நாலு வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. எதிர்வீட்டுக்காரர் ஆண்டி மாடியிலிருந்து மெல்லத் தொண்டையைச் செருமினார். "நல்ல வாளிங்க. கைப்பிடிகூட இரும்பு."

"நான் மூணு குடுக்கணுமாமே! அதுக்கு நீச்சலே அடிப்பேன்!" என்றாள் ராக்கம்மாள்.

ரெங்கராஜ் தலையில் அடித்துக்கொண்டு, தம் வீட்டு வாளியையாவது முதலில் கொடுத்து வழிகாட்டுவோம் என்று திரும்பினார். முழங்கால் தண்ணீரில் நின்று மயிலம்மாள் நீல வாளியால் மொண்டு மொண்டு ஜன்னல் வழியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டா இதை எதாலங்க இறைக்கிறது? நின்னு பார்த்துக்கிட்டு. உங்களுதையும் எடுத்துக்கிட்டு வாங்க!"

அவர் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆக, இன்றைய தேதிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு ஈ, காக்கை கிடையாது. ராஜகோபுரத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாமல் மல்லுக்கட்டுகிறார்களே, அவர்களெல்லாம் கற்பனை. நாளைக்கு நிஜமாகவே ஒரு லாரி கவிழ்ந்தாலும் கவலையில்லை, உயிர்ச்சேதம் பூஜ்யம்தான். ஆளே இல்லாத ஊரில் யார் சாவது?

இதை யார் சொன்னார் என்று எவராவது கேட்டால் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். வீடு தேடி வந்துவிடுவார்கள். என் குளியலறையிலும் நீல வாளி இரண்டு இருக்கிறது.