கொரோனாவிலும் இரண்டு கிலோ கழித்தவர்

உலகமே கொரோனாவோடு மல்லுக்கட்டியது. ஆனால் அந்தக் கொரோனாவிலிருந்தே இரண்டு கிலோ கழித்துக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ‘ரெண்டு கிலோ’ மாமாதான்.

பெற்றோர் வைத்த பெயர் என்று அவருக்கு ஒன்று இருந்திருக்கும். தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை, மடுவம் என்று நாங்கள் சொல்லும் தகரக் கொட்டகையில் நிறுத்து எழுதுவது அவர் வேலை. கூடைக்கும் ஈரத்துக்குமாக ஒவ்வொரு நிறையிலும் இரண்டு கிலோ கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தராசு பதினெட்டு காட்டினால், மாமா “பதினாறு!” என்று மடுவத்துத் தகரம் அதிரக் கத்துவார். எதிரே நிற்கும் பெண் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நகர்வாள். முப்பது வருடம் இதே வேலை.

மற்றவர்கள் கழிவை மடுவத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மாமா அதையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். வயது கேட்டால், “அம்பத்தாறு. கழிவு போக அம்பத்துநாலு” என்பார். கல்யாணத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்றால், “நூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு வச்சுக்க” என்பார். டிக்கோயாவில் ஒரு டாக்டர் அவருக்குப் பிரஷர் பார்த்து நூற்றைம்பது என்றாராம். “சட்டையோட பாத்தீங்களே ஐயா, நூத்திநாப்பத்தெட்டுன்னு எழுதுங்க” என்று இவர் பேரம் பேசியிருக்கிறார்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஊரடங்கு வந்தது, கடையைப் பூட்டினார்கள். நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி செல்வியின் முகத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “இந்த நேரத்துல காய்ச்சல் வந்தா தாய்க்கும் புள்ளைக்கும் ஆகாது” என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்விக்கு அந்தக் கவலை கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே கவலை பீலி. எங்கள் நான்கு லயங்களுக்கும் மலையிலிருந்து தண்ணீர் கொட்டுவது அந்த ஒரே பீலியில்தான். நான் எத்தனை வாளி சுமந்து வந்து கொடுத்தாலும், “வாளித் தண்ணியில குளிச்சா குளிச்ச மாதிரியா இருக்கு? பீலியில நின்னாத்தான் குளிப்பு” என்பாள்.

கைப்பேசியோ தினமும் மாவட்டக் கணக்கை மட்டும்தான் சொன்னது. நுவரெலியா மாவட்டத்தில் இன்று இத்தனை பேர். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி குளிக்கப் போகலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்வது? அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் மாமாதான்.

“மாவட்டம்னா என்னா மாப்புள? வலப்பனையும் மாவட்டம், கினிகத்தேனையும் மாவட்டம். வலப்பனையில ஒருத்தன் தும்முனா, அந்தத் தும்மல் நம்ம பீலிக்கு வந்து சேர எத்தனை பஸ் மாறணும்? அதுவும் பஸ்ஸே ஓடல!”

“அப்ப என்னா மாமா செய்றது?”

“நம்ம லயத்துக் கணக்கு நமக்கு வேணும். நான் எடுக்குறேன்.”

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு பீலிக்கரையில் நின்று இருமல்களை எண்ணத் தொடங்கிவிட்டார். மொத்தம் பதினொன்று. அதில் பீடி இருமல் ஆறைக் கழித்தார். மூன்றாம் லயத்தில் மிளகாய் வறுத்ததால் வந்த இருமல் மூன்றையும் கழித்தார். மிச்சம் இரண்டு. அது வழக்கமான கழிவில் போய்விட்டது. “நம்ம தோட்டம் சுத்தம்!” என்று அறிவித்துவிட்டு, மடுவத்துக் கரும்பலகையில் பெரிய சைபர் ஒன்றைப் போட்டார். பெண்கள் கைதட்டினார்கள். முப்பது வருடத்தில் அவருடைய கழிவுக்கு விழுந்த முதல் கைதட்டு அது.

அதன் பிறகு நிஜமான ஆளே வந்தார். சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பாஷையில் பி.எச்.ஐ. மாத்தயா, லயம் லயமாக மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு போனார். முடிவு வந்ததும், பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுதச் சொல்லி மாமாவிடம் கொடுத்தார். மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போய் எழுதினார். நானே போய்ப் பார்த்தேன். நான்கு லயத்துக்கும் சைபர்.

செல்வியைப் பிடிக்க முடியவில்லை. சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி பீலிக்குப் போனவள், ஒரு மணி நேரம் கழித்துத் தலை சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“நல்லாக் குளிச்சேங்க. முதலாம் லயத்து மாரியக்காவும் அவங்க வீட்டுக்காரரும் வந்திருந்தாங்க. பேசிக்கிட்டே நின்னுட்டோம். பாவம், அவங்கள வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு பி.எச்.ஐ. மாத்தயா சொல்லிட்டாராம்.”

“என்னாது?”

“அவரு சிங்களத்துல சொன்னது அவங்களுக்குச் சரியா வெளங்கல. நம்ம போர்டப் பாத்தா சைபர்னு இருக்கு. அப்ப நமக்கு ஒன்னுமில்லன்னு வந்துட்டாங்க.”

எனக்கு எதிரே நின்ற மலை ஒரு சுற்றுச் சுற்றியது. செருப்புப் போடாமல் மடுவத்துக்கு ஓடினேன்.

“மாமா, பி.எச்.ஐ. உங்ககிட்ட எத்தனைன்னு சொன்னாரு?”

“முதலாம் லயத்துல ரெண்டு.”

“நீங்க போர்டுல எத்தனை போட்டீங்க?”

“சைப…”

திறந்த வாய் மூடவில்லை. கையிலிருந்த சோக்குக் கட்டி கீழே விழுந்தது. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

“மழை நாளு மாப்புள… கை தன்னால…”

“கொழுந்துல ரெண்டு கிலோ போனா நாளைக்குப் பறிச்சுக்கலாம். இது என் பொண்டாட்டி மாமா, என் புள்ள!”

அவர் குனிந்து சோக்கை எடுத்து, சைபரை அழித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கிருந்த ஆத்திரத்தில் அதைக் கண்டும் காணாதவன் மாதிரித்தான் திரும்பி வந்தேன்.

அரை மணி நேரத்தில் லயங்கள் அதிர்ந்தன. ஒரு பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டு மாமா நான்கு லயத்தையும் சுற்றி வந்தார். “முதலாம் லயம் ரெண்டு! ரெண்டு! கழிவு இல்ல! நல்லாக் கேட்டுக்கங்க, கழிவு இல்ல!” நாய்கள் பின்னால் ஓடின. ‘கழிவு இல்ல’ என்று அவர் வாயால் கேட்ட அதிசயத்தில், கொழுந்துப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

அடுத்த பதினான்கு நாளும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். தினமும் காலையில் எங்கள் வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கும். தூரத்துத் தேயிலைச் செடிக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: “மாப்புள, புள்ளைக்கு எப்புடி?”

“காய்ச்சல் இல்ல மாமா.”

“முழுசா இல்லையா? கொஞ்சங்கூட?”

“முழுசா இல்ல.”

மாரியக்கா வீட்டுக்கும் அவர்தான் தண்ணீர் சுமந்தார். பலகையிலும் இப்போது எண்ணோடு நிறுத்துவதில்லை. “முதலாம் லயம் 2. அவங்க தண்ணிக்கு நான் பொறுப்பு. மத்தவங்க பீலிக்கு வரலாம், ஒரு நேரத்துக்கு ஒரு லயம்” என்று எழுதியிருந்ததாம். கைப்பேசிக் கணக்கு எங்களுக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. இந்தப் பலகை யார் யார் வாளியைத் தூக்கலாம் என்று சொன்னது.

பதினைந்தாம் நாள் செல்விக்கு விடுதலை. சவர்க்காரத்தோடு படி இறங்கியவளை மூன்றாம் லயத்திலிருந்து வந்த ஒரு கத்தல் நிறுத்தியது.

“புள்ள, அங்கேயே நில்லு! கிட்ட வராத!”

மாமா தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாத்திய கதவில் சோக்குக் கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: “மூணாம் லயம் 1. கழிவு இல்ல. ஆள் நான்தான்.”

தண்ணீர் சுமந்த வீட்டிலிருந்து அவருக்கும் வந்துவிட்டது. கதவைப் பார்த்துத் தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அன்று மாலை, ஊர் என்ன சொல்லுமோ என்று காய்ச்சலை ஒளித்து வைத்திருந்த மூன்று பேர் தாங்களாகவே பி.எச்.ஐ. மாத்தயாவைத் தேடிப் போனார்கள். இந்த முறை தண்ணீர் சுமந்தது நான். அவருடைய வாசலில் வாளியை வைக்கும்போது, அன்றைக்குக் கத்தியதற்காக வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். “அதுல ரெண்டு கிலோ கழிச்சிட்டேன் மாப்புள, விடு” என்று உள்ளேயிருந்து இருமிக்கொண்டே சொன்னார்.

அவர் தேறி வெளியே வந்த அன்று எங்கள் வீட்டில் மகள் பிறந்து ஐந்து நாள். முற்றத்துக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

“எத்தனை கிலோ மாப்புள?”

“ரெண்டு தொள்ளாயிரம்.”

செல்வி சட்டென்று பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடினாள். “மாமா, கழிச்சீங்கன்னா பாருங்க!”

“யாரு கழிக்கப் போறா? முப்பது வருசமா எல்லார்கிட்டயும் கழிச்சது எங்கிட்டதான கெடக்கு. அதுல ரெண்டு எடுத்து எம் பேத்திக்குப் போடுறேன்.” மூச்சை இழுத்துக்கொண்டு, நான்கு லயத்துக்கும் கேட்கக் கத்தினார்: “நாலு தொள்ளாயிரம்!”

மகள் இப்போது தத்தித் தாவி ஓடுகிற வயதைத் தாண்டிவிட்டாள். மடுவத்தைக் கடந்து போகும்போதெல்லாம் மாமாவிடம் தன் நிறை எவ்வளவு என்று கேட்காமல் வருவதில்லை. திரும்பும் வழியில் கால் வலிக்கிறது என்று என் தோளில் ஏறிக்கொள்வாள். அந்த ஏற்றத்தில் அவளைச் சுமந்து வரும்போது தோள் விட்டுப்போகிறது. இரண்டு கிலோ கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை இறக்கி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.