ஆறு மணி மௌனம்

தொலைதூரத்தில் நின்று நாட்டைக் காக்கும் வீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஊரில் இருந்தபடியே உறுதுணையாக இருப்பது எப்படி என்று ஆராய, நகராட்சியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். மேசை வந்தது, மின்விசிறி வந்தது, ஆதரவு அலுவலர் வந்தார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வெறும் கையை வைத்துக்கொண்டு எப்படி உறுதுணையாவது என்று அவர் மின்விசிறியைப் பார்த்தபடி பல நாள் யோசித்தார். கடைசியில் மௌனத்தைக் கண்டுபிடித்தார்.

இனி வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஊரே ஒரு நிமிடம் வாய் திறக்காமல் நிற்கும். அறிவிப்பைக் கேட்டதும் தையல்காரியின் கையில் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

அவள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் அவள் புருஷன் ஒருத்தன்தான். எங்கோ மலை உச்சியில் முகாம். முகாமுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு போன். அதில் அவன் முறை வருவது வியாழக்கிழமை ஆறு மணிக்கு. பின்னால் நிற்கிறவன் பொறுமை இழந்து இருமுகிற வரைக்கும் பேசலாம். இங்கிருந்து அவனைக் கூப்பிட வழி கிடையாது.

அவர்கள் வீட்டுக் குட்டி அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். அப்பா என்றால் அவளுக்கு வீட்டிலிருந்த போன்தான். சார்ஜில் போட்டால், "அப்பா சாப்பிடுது" என்பாள். கீழே விழுந்தால் எடுத்து ஊதிவிடுவாள். "அடுத்த தடவை அவளை ஒரு வார்த்தை பேச வை. குரலைக் கேக்கணும்" என்று அவன் சொல்லியிருந்தான். அந்த அடுத்த தடவைக்குள்தான் மௌனம் வந்துவிட்டது.

ஒரு நிமிடம்தானே, அவன் காத்திருப்பான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மௌனம் வளர்கிற பிள்ளை. பக்கத்து வட்டாரத்தில் மூன்று நிமிடம் நின்றார்களாம். நம் தேசபக்தி என்ன இளைத்ததா என்று இங்கே ஐந்தாக்கினார்கள். அது பத்தாகி, கால் மணியில் வந்து நின்றது. மௌனம் நாகரிகமும் ஆனது. நல்ல குடும்பத்துப் பெண்கள் கையில் சாம்பல் நிற மௌனப் பட்டை கட்டாமல் தெருவில் இறங்குவதில்லை. கடைகளில் சத்தம் போடாத ரப்பர் வளையல் வந்தது. பட்டைகளைத் தைக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. "உங்க கையால தைச்சாத்தான் அதுல உணர்ச்சி இருக்கும்" என்றார் அலுவலர். உணர்ச்சிக்குக் கூலி கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்காணிப்புக்கு ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியாரைப் போட்டார்கள். ஊரில் அவர் பெயர் விசில். தும்மினால் ஊதுவார், குக்கர் கூவினால் ஓடிப்போய் ஊதுவார். கூடவே ஒரு ஜீப், "மௌனம் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது, மௌனம் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் அலறியபடி தெருத் தெருவாகப் போகும். மழலையர் பள்ளியிலும் பயிற்சி நடந்தது. உதட்டில் விரல் வைத்து உட்காருகிற குழந்தைக்கு, "சமத்து" என்று நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள். குட்டி தினமும் நட்சத்திரத்தோடு வந்தாள்.

தையல்காரி அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், ஆறு மணிக்குத்தான் அவர் போன் பண்றார்."

"எவரும்மா?"

"என் வீட்டுக்காரர். அவருக்காகத்தானே நீங்க எல்லாரும் நிக்கிறீங்க?"

"அவருக்காக நாங்க நிக்கிறப்போ அவரே இடைஞ்சல் பண்ணலாமா?"

"நான் உள்ளே போய் மெதுவா ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன் சார்."

"யாருக்காக மௌனமோ, அந்த வீட்டிலேருந்தே சத்தம் வந்தா ஊர் என்ன நினைக்கும்? நீங்க தெரு முனையில முதல் ஆளா நிக்கணும்மா."

"ஏழு மணிக்கு மாத்தி வைக்கலாமே?"

"ஏழு மணிக்கு சீரியல். மக்கள் உணர்வை மதிக்க வேண்டாமா? வேணும்னா விதிவிலக்கு தரலாம். சம்பந்தப்பட்ட வீரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவர் நேர்ல வந்துட்டா நான் ஏன் சார் போன்ல பேசப்போறேன்?"

"பாத்தீங்களா, பிரச்சினையே தீர்ந்துபோச்சு!" என்றார் அலுவலர். பிறருடைய பிரச்சினை தீர்ந்ததில் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

வியாழன்தோறும் அவள் தெரு முனையில் நின்றாள். வீட்டுக்குள் போன் அடித்து அடித்து ஓயும். மழையில் மாட்டிக்கொண்டவர் மூடிய கதவைத் தட்டுவது போல இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மேலதிகாரி வருகிறார் என்று மைதானத்தில் மாபெரும் சிறப்பு மௌனம் ஏற்பாடானது. வீரரின் குடும்பத்துக்கு மேடையில் இடம். அவள் ஒரு கணக்குப் போட்டாள். போனைக் குட்டியின் மடியில் வைத்துவிடலாம். மணியடித்தால் குட்டி "அப்பா" என்பாள். பச்சைப் பிள்ளையைப் பார்த்து எந்த மனுஷன் விசில் ஊதுவான்?

வியாழன், ஆறு மணி. மைதானம் உறைந்தது. போன் அடித்தது. விசில் பாய்ந்து வந்தார். மேலதிகாரி கையமர்த்தி, "வீரரா? ஸ்பீக்கரில் போடுங்கள், ஊர் கேட்கட்டும்" என்று தாளில் எழுதிக் காட்டினார். மைக்கைப் பக்கத்தில் நகர்த்தினார்கள்.

"ஹலோ? நான்தான். ஏன் இத்தனை நாளா எடுக்கலே? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

அவன் குரல் மைதானத்தின் மேல் பரவியது. ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. பதில்தான் ஒருவரும் சொல்லவில்லை.

"என்னங்க, நான்..." என்று அவள் தொடங்கினாள். விசில் பறந்தது. ஜீப், "மௌனம் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது" என்றது.

"அங்கே என்ன சத்தம்? குட்டி இருக்காளா? பேசச் சொல்லேன்."

அவள் குழந்தையின் முதுகைத் தொட்டு, "சொல்லுடி கண்ணு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். குட்டி போனைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள். சின்ன விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்ஷ்..."

ஒலிபெருக்கியில் அது ஊரெல்லாம் கேட்டது. மறுமுனை பேச்சை நிறுத்திக்கொண்டது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய மனிதன். கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும் வந்தது. பிறகு யாரோ இருமினார்கள். இணைப்பு அறுந்தது.

களத்திலிருந்து வீரரே கலந்துகொண்ட முதல் மௌனம் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. முகாமிலிருந்து பதிலும் வந்தது. அதைச் சொல்ல அலுவலர் அவள் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"அம்மா, உங்களை மாதிரி குடும்பங்களோட தியாகத்தை மதிச்சு இனிமே அவங்களும் வியாழக்கிழமை ஆறு மணிக்கு மௌனம் இருக்கப்போறாங்க! போன் ரூமையே பூட்டிடுவாங்களாம். உங்களுக்காகம்மா, எல்லாம் உங்களுக்காக!"

அவள் கும்பிட்டாள்.

அடுத்த வியாழன் ஆறு மணிக்கு அவள் தெரு முனையில் முதல் ஆளாக நின்றாள். ஊர் நின்றது. திறந்திருந்த கதவு வழியே குட்டி போன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. போன் அடிக்கவே இல்லை. குட்டி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நெற்றியிலிருந்த நட்சத்திரத்தைப் பிய்த்து அதன்மேல் ஒட்டினாள்.

"அப்பா சமத்து" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

விசில் ஊதினார்.