சந்தனம் மணத்த பாட்டுப் புத்தகங்கள்

பத்தாவதோடு படிப்பை விட்ட தையல்காரன் நான். கட்டுரை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நாலு பேர் பார்த்தால் எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது.

ஆனால் பழைய பாட்டுப் படம் என்றால் உயிர். அதில் ராஜா அம்பு பட்டு விழுந்தாலும் மூன்று பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாவார் (அவசரமே கிடையாது). தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டு, ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்குப் பேசக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் மேடை! பூச்சி அரிக்காமலிருக்கச் சந்தனத் தூளைத் தாராளமாகத் தூவி, பெட்டியோடு போளூரில் ஜீப் ஏறினேன்.

எதிரே இருந்த மீசைக்காரர் பெட்டியையே பார்த்தார். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சினார். கட்டிக்கொண்டேன். சந்தேகமே இல்லை, திருடன்.

"இன்னாண்ணா பொட்டில?"

"ஒண்ணுமில்லீங்க."

(ஒன்றுமில்லாத பெட்டியை எவன் கைக்குழந்தைபோல் அணைப்பான்?)

வனத்துறைச் சோதனைச் சாவடியில் மீசைக்காரர் முதலில் குதித்து, காவலர் காதில் ஏதோ சொன்னார். அவரும் என்னைத் திருடன் என்றே நினைத்திருக்கிறார்!

"சந்தன வாசன ஊரத் தூக்குது. தொறய்யா பொட்டிய."

"பாட்டுப் படத்தப் பத்திப் பள்ளிக்கூடத்துல பேசப் போறேங்க..."

"மூஞ்சியப் பாத்தா பேசற ஆளு மாதிரி தெரியலியே?"

பெட்டியைத் திறந்தேன். காவலர் ஒரு புத்தகத்தை எடுத்துக் கதைச் சுருக்கத்தைப் படித்தார். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீதி இன்னா ஆச்சு? நெசமாவே பேசற ஆளுன்னா சொல்லு."

சொன்னேன். "எப்படிப் பாடுவாங்க?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். அந்தக் காலத்தில் நடிகரே பாட வேண்டும், வாத்தியக்காரர்கள் புதருக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பார்கள் என்று விளக்கினேன். ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் முதல் வரிசை. ராஜா செத்து முடித்தபோது மணி ஐந்தரை.

"நம்ம ஊரு பள்ளிக்கூடமா? புள்ளைங்கல்லாம் வூட்டுக்குப் போயிருக்குமே!" என்றார் மீசைக்காரர், நிஜமான வருத்தத்தோடு. அப்படியே திரும்பினேன்.

இன்றும் நான் எந்தப் பையைத் தூக்கினாலும் என் மனைவி வழிமறிப்பாள்: "ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க, வுட்டுடறேன்."

சொல்ல மறந்துவிட்டேன்: நான் திரும்பி வந்த மறுநாள் அந்தப் பள்ளியில் பாட்டுப் படங்களைப் பற்றிய கூட்டம் நடந்தது. மீசைக்காரர் பேசினார்.