அறுபத்திரண்டு சொற்களும் என் தகப்பனாரும்

ராடேபே குலத்துப் பெரியவர், அச்சக உரிமையாளர் திரு. லுடிடி அவர்களுக்கு, ட்சோலோவிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா வெலாபி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மாடுகளும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

என் 'சொற்களின் உறவுமுறை' நூலை அச்சிடுவதை உடனே நிறுத்துங்கள். வரும் சனிக்கிழமை உம்தாதா மண்டபத்தில் நாற்பது வாத்தியார்கள் முன்னால் அதை நான் படிக்க வேண்டும். கிம்பர்லி ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் பல தேசத்து ஆட்களோடு வேலை பார்த்தவன் நான். இறைச்சிக்கு நாம் இன்யாமா என்கிறோம், பக்கத்துச் சோத்தோக்காரர் நாமா என்கிறார், வடக்கே வெகுதூரத்துச் சுவாஹிலிக்காரர் ந்யாமா என்கிறார், எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம் பாதம் உன்யாவோ, சுவாஹிலியில் அது உன்யாயோ. இதையெல்லாம் எழுதிக்கொண்டு ஊர் திரும்பி, என் மனைவி நொலுசாபோவிடம், இறைச்சிக்கு உங்க மலைப்பக்கம் என்ன சொல்லுவீங்க என்று கேட்டால், அவள் அடுப்பைப் பார்த்தபடியே எந்த மொழியோடும் ஒட்டாத ஒரு சொல்லைச் சொன்னாள். இப்படி அறுபத்திரண்டு சொற்கள். அவள் ஊர்க்காரர்கள் நைல் நதிக்கரையிலிருந்து தனியாக வந்தவர்கள் என்று முடிவுகட்டி, ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன்.

நேற்று அவள் அக்கா விருந்துக்கு வந்து, அந்த இன்யாமாவை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றார். உங்க ஊர்ல வேற சொல்லாச்சே மதினி என்றேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் இதத்தான் சொல்லுவோம் மாப்ள. உங்க அப்பா பேரு ந்யாமெகோ. இந்த வீட்டு மருமக அந்தச் சத்தத்த வாயில எடுப்பாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனார் பெயரில் உள்ள ஒலியை மருமகள் சொல்லக் கூடாது, வேறு சொல்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அப்பா போய் இருபது வருஷமாச்சே, அதெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் வீட்டுக்கு வந்த மடையன். அறுபத்திரண்டும் என் அப்பா, பெரியப்பா, சித்தப்பா பெயர்களுக்காக அவள் மாற்றிச் சொன்னவை. சரி, ஒரு தடவை நிஜச் சொல்லைச் சொல்லு, திருத்திக்கிறேன் என்று நொலுசாபோவிடம் கெஞ்சினேன்.

"மாமா செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

அவரை மாட்டுப் பட்டி ஓரத்தில்தான் புதைத்திருக்கிறோம். அவள் அப்படிச் சொன்னதிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. வாத்தியார்கள் சிரிப்பார்கள், அது ஒரு பயம். தனக்குக் கிடைத்த மரியாதையை நைல் நதி என்று எழுதியவனை அப்பா என்ன செய்வார் என்பது அதைவிடப் பெரிய பயம், அவர் உயிரோடு இருந்தபோதே பேச்சுக்கு முன்னால் தடிதான் வரும். ஆகவே அச்சான தாள்களை எல்லாம் கொளுத்திவிடுங்கள். தங்கள் முன்னோர் தங்களைக் காக்கட்டும். என் முன்னோருக்கு இப்போது என் மேல் அந்த மனசு இருக்காது.

இப்படிக்கு,
ந்யாமெகோ மகன் வெலாபி

பின்குறிப்பு: இதை நொலுசாபோவிடம் படித்துக் காட்டினேன். "முப்பத்தெட்டு வருஷம் நாக்கக் கட்டி அந்த மனுஷனுக்கு மரியாத குடுத்திருக்கேன். ஒருத்தரும் எழுதி வைக்கல, நீங்க தெரியாமயாச்சும் எழுதினீங்க. அதக் கொளுத்தினா, பட்டி வாசல்ல நின்னு அவர் பேர முழுசாச் சொல்லுவேன்" என்கிறாள். ஐயா, நைல் நதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மீதியை அச்சிடுங்கள். அட்டையில் அவள் பெயரையே போடுங்கள். சம்மதம் என்று தந்தி மாதிரி ஒரு வரி உடனே அனுப்புங்கள், அவள் பட்டிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.